கோடுகளைக் களவாடியது யார்?

“இது என்னோட செடி இல்லை,” என்றார் ஜோர்ஜ்.

கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் அவருடைய கண்கள் எங்கே பார்க்கின்றன என்று தெரியவில்லை. விரல் மட்டும் பலகைத் தட்டின் மேலிருந்த மண்தொட்டியை நோக்கி நீண்டிருந்தது. தொட்டியில் முழ உயரத்துக்கு ஒரு ஸ்நாப்டிராகன் செடி. தண்டு முழுக்கக் கொத்தாகப் பூத்திருந்தது. ஒவ்வொரு பூவும் தந்தத்தின் வெளிர் நிறம். அழகான செடிதான். பூவிலோ இலையிலோ ஒரு குறையும் சொல்ல முடியாது.

டோரீன் டீச்சர் குனிந்து ஒரு பூவின் கன்னங்களை இரண்டு விரலால் அமுக்கினாள். பூ வாயைப் பிளந்தது.

“பேசுதா டீச்சர்?” என்றான் றோலண்ட். “யார் கொண்டு வந்து வச்சாங்கன்னு அதுகிட்டயே கேட்டுட்டா, நாம வெளிச்சத்தோட வீடு போய்ச் சேரலாம்.”

டோரீன் சுகிர்தம் ஹட்டனில் நீண்ட காலம் தாவரவியல் படிப்பித்தவள். இப்போது மற்றவர்கள் தொலைத்த பொருள்களையும், சில நேரம் தொலைத்த மனிதர்களையும் தேடிக் கொடுக்கிறாள். பள்ளிக்கூடத்தை அவள் விட்டாலும் ‘டீச்சர்’ என்ற பெயர் அவளை விடவில்லை. றோலண்ட் அவளுடைய ஒரே உதவியாள். பழைய மொரிஸ் மைனர் ஒன்று வைத்திருந்தான். மேட்டில் காருக்கு மூச்சு வாங்கும். அவன் வாய்க்கு வாங்காது.

ஜோர்ஜ் கந்தப்பளைக்கு மேலே இருக்கும் ஊசிமலைத் தேயிலைத் தோட்டத்தின் தலைமைக் குமாஸ்தா, பெரிய கிளாக்கர். துரைக்கு அடுத்தபடி அங்கே அவர் சொல்தான் செல்லும். மனைவி இறந்த பிறகு அவருக்குப் பூச்செடிகள்தான் உலகம்.

“விதை இங்கிலாந்துல இருந்து தம்பி அனுப்பினது,” என்றார். “முளைச்சது ஒண்ணே ஒண்ணு. வெளிர்ப் பூவுல இரத்தச் சிவப்பா கோடு, புள்ளி. யாரோ தூரிகையை உதறிவிட்ட மாதிரி. ஒரு பூ மாதிரி இன்னொரு பூ இருக்காது. நுவரெலியாவுல இருந்தெல்லாம் வந்து பாத்துட்டுப் போனாங்க. இந்தச் சனிக்கிழமை மலர்க் கண்காட்சி. கப் எனக்குத்தான்னு எல்லாருக்கும் தெரியும்.”

“எப்ப காணாமப் போச்சு?” என்றாள் டோரீன்.

“மாசி தொடக்கத்துல கண் ஒப்பரேசனுக்குக் கொழும்பு போனேன். ஒரு கண்ணு முடிஞ்சு, மத்தக் கண்ணு. மகள் வீட்டுலயே ரெண்டு மாசம் தங்கிட்டேன். போறதுக்கு முந்தி செடியை விறாந்தையில இருந்து எடுத்து இந்த அறையில பூட்டி வச்சேன். ஒரு சாவி என் சட்டைப் பையில. இன்னொண்ணு காளியாயிகிட்ட. என் பூந்தோட்டத்துல வேலை செய்றவ. தண்ணி ஊத்துறதுக்காகக் கொடுத்தேன். போன வாரம் திரும்பி வந்து கதவைத் திறந்தா, ஒரு பூவுலயும் ஒரு கோடு இல்லை. நல்ல செடியைப் பிடுங்கி வித்துட்டு, இந்த வெத்துச் செடியை நட்டு வச்சிருக்கா. கண்ணு தெரியாத மனுசன், எங்க கண்டுபிடிக்கப் போறான்னு நெனப்பு.”

“ஒப்பரேசன்ல கோட்டையும் சேர்த்து எடுத்துட்டாங்களோ என்னமோ,” என்று றோலண்ட் முணுமுணுத்தான்.

“என்ன?”

“ஒண்ணுமில்லை ஐயா. பூட்டு நல்லா இருக்கான்னு கேட்டேன்.”

பூட்டு நன்றாக இருந்தது. கீறல் கூட இல்லை. அறை தேயிலைத் தொழிற்சாலையின் பின்சுவரை ஒட்டிக் கட்டிய பழைய சாமான் அறை. ஒரே கதவு. திறக்க முடியாத ஒரு கண்ணாடி ஜன்னல். அதன் வழியாக நல்ல வெளிச்சம் வந்தது. டோரீன் கம்பளிச் சட்டையைக் கழற்றிக் கையில் போட்டுக்கொண்டு கழுத்தைத் துடைத்தாள். பிறகு தொட்டியைத் தூக்கப் பார்த்தாள். வரவில்லை. விட்டுவிட்டாள்.

“காளியாயி என்ன சொல்றா?”

“என்னத்தைச் சொல்லுவா? மாத்தலைன்னு அழறா. காலையில ஆள் கூடுற பெரட்டுல எல்லார் முன்னாலயும் திருடின்னு சொல்லி வேலைப் பட்டியல்ல இருந்து பேரை வெட்டியாச்சு. வெள்ளிக்கிழமைக்குள்ள என் செடி வரணும். வராட்டி பொலிஸ்ல ஒப்படைக்கிறேன். குடியிருக்கிற லயத்துக் காம்பராவையும் விட்டுட்டுப் போகட்டும்.”

போன வருஷம், எண்பத்து மூன்று ஜூலையில், தமிழர்களுக்கு எதிராக நடந்த கலவரத்துக்குப் பிறகு, அந்த மலையில் ஒரு தமிழ்ப் பெண்ணைப் பொலிஸில் கொண்டுபோய் விடுவது என்றால் என்ன என்று அந்த அறையிலிருந்த மூவருக்கும் தெரியும்.

வெளியே வந்ததும் தொழிற்சாலை வாச்சர் மாயாண்டி அவர்களுக்காகக் காத்து நிற்பது தெரிந்தது. கூட்டுகிற மாதிரி பாவனை செய்துகொண்டிருந்தார். கூட்டிய இடத்தையே கூட்டினார்.

“நான் சொன்னேன்னு சொல்லாதீங்க டீச்சரம்மா.”

“சொல்ல மாட்டேன்.”

“ஐயா இல்லாதப்ப ஒரு நாள் காலையில காளியாயி பஸ் ஏறினா. மாசி கடைசியில. கையில ஒரு உமல் பை. உள்ளுக்குள்ள ஒரு தகர டின். தகரத்துக்கு மேல பச்சையா ஒரு கிளை நீட்டிக்கிட்டு இருந்துச்சு. ஒரு சேலைத் துண்டைப் போட்டு மூடியிருந்தா. நான் பாத்துட்டேன்.”

“எங்க போனா?”

“அவ தங்கச்சி மீனம்மா கினிகத்தேனையில இருக்கா. ரோட்டோரத்துல செடி விக்கிறா.”

றோலண்ட் மெல்ல விசிலடித்தான். “செடி காணாமப் போகுது. சாவி இருக்கிறவ தகரத்தோட பஸ் ஏறுறா. தங்கச்சி செடிக் கடை. டீச்சர், இந்தக் கேசுக்கு நாம வேணாம். என் காரே கண்டுபிடிச்சிடும்.”

தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் காளியாயியின் காம்பராவுக்கு இரண்டு பக்கத்து வீட்டுக் கதவுகளும் சாத்தியிருந்தன. வாசலில் குழந்தைகள் கூட இல்லை. காளியாயி உள்ளே துணிகளை மடித்து மூட்டையாகக் கட்டிக்கொண்டிருந்தாள். நாற்பது வயதிருக்கும். அவர்களைப் பார்த்ததும் எழுந்து சுவரோடு ஒட்டி நின்றாள்.

“செடிய நான் மாத்தலைங்க டீச்சரம்மா. மாரியாத்தா மேல சத்தியமுங்க.”

“மாசி மாசம் கினிகத்தேனைக்குப் போனியா?”

“இல்லைங்க. நான் எங்கயும் போகலைங்க.”

“பஸ்ல ஏறினதைப் பார்த்திருக்காங்களே.”

“அது… ஆசுபத்திரிக்குங்க.”

“தகரத்தோடயா?” என்றான் றோலண்ட்.

அவள் முந்தானையைக் கையில் முறுக்கிக்கொண்டே நின்றாள்.

காருக்கு நடக்கும்போது றோலண்ட் சொன்னான்: “சத்தியம் பண்றப்ப நேராப் பாத்தா. ஆசுபத்திரின்னு சொன்னதும் முந்தானையை முறுக்க ஆரம்பிச்சுட்டா. கவனிச்சீங்களா?”

“கவனிச்சேன். அதனாலதான் கினிகத்தேனைக்குப் போறோம்.”

“ரெண்டுல ஒண்ணு பொய்.”

“ஒண்ணுதான் பொய். எதுன்னு பார்க்கணும்.”

ஹட்டனைத் தாண்டி மொரிஸ் மைனர் இறங்க இறங்க, மலையின் குளிர் ஒவ்வொரு வளைவிலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்றது. கினிகத்தேனை வரும்போது றோலண்ட் சட்டையின் மேல் இரண்டு பொத்தான்களையும் கழற்றியிருந்தான்.

மீனம்மாவின் கடை என்பது நாலு கம்பும் கூரையாக ஒரு படங்கும்தான். கீழே தகரங்களிலும் பிளாஸ்டிக் பைகளிலும் ரோஜா, செவ்வந்தி, கறுவா நாற்று. மீனம்மா அக்காவைப் போலவே இருந்தாள், ஆனால் குரல் இரண்டு மடங்கு.

“வாங்க தம்பி, என்ன செடி பாக்குறீங்க?”

“ஸ்நாப்டிராகன் இருக்காக்கா?”

“அப்படின்னா?”

“அமுக்கினா வாயைத் திறக்குமே, அது. சிவப்புக் கோடு போட்டது.”

“இல்லை,” என்றாள் மீனம்மா. மிகச் சீக்கிரமாகச் சொன்னாள். கண் ஒரு நொடி படங்குக்குப் பின்னால் போய்த் திரும்பியது. அந்த ஒரு நொடி டோரீனுக்குப் போதும். சுற்றிக்கொண்டு நேராகப் பின்னால் போனாள்.

அங்கே ஒரு பால்மா தகரம். அதில் ஒரு ஸ்நாப்டிராகன். தண்டு நிறையப் பூ. எல்லாம் தந்த வெள்ளை.

“இதுவும் மொட்டைப் பூ,” என்றான் றோலண்ட். அவனுக்குப் பெரிய ஏமாற்றம். “கோடு போட்டதை வித்தாச்சா அக்கா?”

மீனம்மா இடுப்பில் கையை வைத்தாள். பிறகு எடுத்தாள். யார் இவர்கள் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. சண்டை போடுவதா அழுவதா என்று தெரியாமல் இரண்டையும் சேர்த்துச் செய்தாள்.

“நீங்க தோட்டத்துல இருந்தா வாறீங்க? அக்காவைப் பொலிசுல குடுத்துட்டாங்களா?”

“இன்னும் இல்லை. உண்மையைச் சொன்னா குடுக்க விடமாட்டேன்,” என்றாள் டோரீன்.

“அக்கா திருடலைங்க. கிளாக்கர் ஐயா கொழும்புக்குப் போற அன்னைக்கு தொட்டியைத் தூக்கிட்டுப் போய் அந்த அறையில வைக்கச் சொன்னாங்களாம். கதவுல இடிச்சு அடியில இருந்த ஒரு பக்கக் கிளை வேரோட பிய்ஞ்சு வந்துடுச்சு. சொன்னா அன்னைக்கே பேரை வெட்டிடுவாங்கன்னு பயந்துக்கிட்டு, லயத்துக்குப் பின்னால தகரத்துல நட்டு வச்சிருந்தா. அது தழைச்சிடுச்சு. யார் கண்ணுலயாவது பட்டுடும்னு இங்க கொண்டாந்து விட்டா. இதாங்க நடந்தது.”

“அப்ப கோடு?” என்றான் றோலண்ட்.

“இருந்துச்சே! வந்த புதுசுல அப்படித்தான் பூத்துச்சு. இரத்தச் செவப்பு. கொழும்புல இருந்து வந்த ஒரு நோனா அம்மா காரை நிறுத்திப் பாத்துட்டு, ரெண்டு மூணு கிழமையில திரும்பி வர்றப்ப வாங்கிக்கிறேன்னாங்க. அவங்க வர்றதுக்குள்ள பூவெல்லாம் வெளுத்துப் போச்சு. செடியை மாத்தி வச்சு ஏமாத்துறியான்னு என்னை நடு ரோட்டுல திட்டிட்டுப் போனாங்க.”

“நீங்களும் மாத்தலை. அவங்களும் மாத்தலை. செடி மட்டும் மாறிக்கிட்டே இருக்கு,” என்றான் றோலண்ட். “டீச்சர், எனக்கு இந்தக் குடும்பத்தையே சந்தேகமா இருக்கு.”

“அந்த முதல் பூ ஏதாவது இருக்கா?” என்று டோரீன் கேட்டாள்.

மீனம்மா உள்ளே போய் அம்மன் படத்தடியில் வைத்திருந்த இரண்டு காய்ந்த பூக்களைக் கொண்டு வந்தாள். சருகாகச் சுருங்கியிருந்தன. ஆனால் கோடுகள் தெரிந்தன.

“வேற செடியோட பூவா இருக்கலாம்,” என்றான் றோலண்ட்.

டோரீன் தகரத்தின் முன்னால் மண்டியிட்டிருந்தாள். ஸ்நாப்டிராகன் கீழிருந்து மேலாகப் பூக்கும். தண்டின் அடியில் கடைசியாக ஒட்டிக்கொண்டிருந்த வாடிய பூவை மெல்லத் திருப்பினாள். உதட்டில் மூன்று சிவப்புப் புள்ளி. அதற்கு மேலே இருந்த பூவில் ஊசி குத்தியது போல ஒரே ஒரு புள்ளி. அதற்கு மேலே எதுவும் இல்லை. நுனிவரை வெறும் வெள்ளை.

கைக்குட்டையை எடுத்துக் கழுத்தைத் துடைத்தாள். பிறகு சிரித்தாள்.

“என்ன டீச்சர்?”

“வேர்க்குது.”

“அதுக்கு யாராவது சிரிப்பாங்களா?”

“இன்னைக்கு எனக்கு இது ரெண்டாவது தடவை.”

அவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. மீனம்மாவுக்கும் விளங்கவில்லை. “அங்க ஐயாவோட செடியிலயும் கோடு கொறைஞ்சுக்கிட்டே வந்துச்சாம்,” என்றாள் மெல்ல. “அக்கா தினமும் பாத்துப் பாத்து அழுதிருக்கா. தான் கிளையை ஒடைச்ச பாவந்தான் செடியைப் பிடிச்சிருச்சுன்னு நெனச்சுக்கிட்டு இருக்கா. அதை எப்படிங்க வெளிய சொல்லுவா?”

டோரீன் எழுந்து தகரத்தைத் தூக்கிக்கொண்டாள். “இதை ஒரு வாரத்துக்குக் கடன் கொடுங்க.”

திரும்பும் வழியில் ஒரு பாலத்தருகே பொலிஸ் அவர்கள் காரை நிறுத்தியது. கான்ஸ்டபிள் பின்சீட்டைப் பார்த்தான். தமிழ் ஆட்கள், பழைய கார், மண் நிரப்பிய தகரம். துப்பாக்கி முனையால் தகரத்தைத் தட்டி, இது என்ன என்று சிங்களத்தில் கேட்டான்.

“மல், மஹத்தயா,” என்றான் றோலண்ட். பூ, ஐயா. கிண்டல் ஒன்றும் சேர்க்கவில்லை.

கான்ஸ்டபிள் ஒரு குச்சியை எடுத்து மண்ணைக் கிளறினான். மண்தான். பூ ஒன்றை அமுக்கிப் பார்த்தான். அது வாயைத் திறந்தது. இன்னொரு தடவை அமுக்கினான். போகச் சொல்லிக் கையசைத்தான்.

இரண்டு வளைவு தாண்டியதும் றோலண்ட் கண்ணாடியில் பின்சீட்டைப் பார்த்தான். “எங்க போனாலும் இந்தச் செடியைத்தான் சந்தேகப்படுறாங்க. பாவம். திருடன் யாருன்னு இப்பவாவது சொல்லுங்களேன்.”

“ஜோர்ஜ் ஐயாவும் கேக்கட்டும்.”

அவர்கள் கந்தப்பளை ஏறியபோது வெயில் சாயத் தொடங்கியிருந்தது. ஜோர்ஜ் அறையிலேயே காத்திருந்தார். தகரத்தைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. பூக்களைப் பார்த்ததும் சுருங்கியது.

“இதுவும் வெத்துச் செடி.”

“கீழ இருக்கிற பூவைப் பாருங்க ஐயா. கண்ணாடியைக் கழட்டிட்டுப் பாருங்க.”

பார்த்தார். புள்ளிகளைப் பார்த்தார்.

“இப்ப மேல.”

“ஒண்ணுமில்லை.”

“ஒரே தண்டு. பாதிச் செடியை மட்டும் யாரால மாத்தி வைக்க முடியும்?”

ஜோர்ஜ் சட்டென்று நிமிர்ந்தார். “அப்ப இது என் செடியோட கிளை! திருடினதுக்குச் சாட்சியை நீங்களே கொண்டு வந்திருக்கீங்க.”

“உங்க கிளைதான். கதவுல இடிச்சு ஒடைஞ்சது. அவ அதை மறைச்சா. அது தப்புத்தான். ஆனா நீங்க அவளைத் திருடின்னு சொன்னது கிளைக்காக இல்லை. இந்தத் தொட்டியில இருந்த செடியைப் பிடுங்கிட்டு வேற நட்டான்னு சொன்னீங்க. தொட்டியைத் தூக்குங்க பார்ப்போம்.”

ஜோர்ஜ் தூக்கினார். அசையவில்லை. றோலண்ட் ஒரு கை கொடுத்தான். தொட்டி மேலே வந்தபோது, பலகையில் விரித்திருந்த சாக்கும் அதோடு ஒட்டிக்கொண்டு வந்தது. அடித்துளை வழியாக இறங்கிய வேர்கள் சாக்கின் இழைகளுக்குள் பின்னிப் படர்ந்து, பலகை இடுக்கிலும் புகுந்து பற்றியிருந்தன.

“காலையில நான் தூக்கினப்பவே வரலை,” என்றாள் டோரீன். “இது ஒரு கிழமையில ஓடின வேர் இல்லை. ரெண்டு மாசமா இந்தத் தொட்டியை யாரும் அசைக்கலை, இந்தச் செடியை யாரும் பிடுங்கலை. இது உங்க செடிதான் ஐயா. நீங்க விட்டுட்டுப் போன அதே செடி.”

ஜோர்ஜ் சாக்கையே பார்த்துக்கொண்டு நின்றார். “அப்ப கோடு? கோட்டை யார் எடுத்தா?”

“அந்தச் சுவர்ல கையை வைங்க.”

வைத்தார். உடனே எடுத்தார்.

“அந்தப் பக்கம் தேயிலை காய வைக்கிற அடுப்பு,” என்றாள் டோரீன். “வெளிய எல்லாரும் கம்பளியைப் போர்த்திக்கிட்டு நிக்கிறாங்க. இங்க எனக்கு வேர்க்குது. கினிகத்தேனையிலும் வேர்த்துச்சு. ரெண்டு இடத்துலயும் கோடு இல்லை. லயத்துக்குப் பின்னால குளிர்ல நின்ன வரைக்கும் இந்தக் கிளையில கோடு இருந்துச்சு.”

“சூட்டுல பூ வெளுத்துப் போச்சுன்னு சொல்றீங்களா?”

“வெளுத்துப் போகலை. செடியோட சொந்த நிறமே சிவப்பு. அந்தச் சிவப்பை உண்டாக்கிறதுக்கு உள்ள ஒரு பரம்பரையலகு, மரபணு, இருக்கு. அதுக்கு நடுவுல எங்கிருந்தோ வந்த ஒரு துண்டு ஏறி உக்காந்திருக்கு. வேலை நின்னுபோச்சு. பூ வெளிறிப்போச்சு.”

“டிக்கட் இல்லாம ஏறினவன் ரயில் கதவுல நின்னு வழியை மறைக்கிற மாதிரியா?” என்றான் றோலண்ட்.

“அதே மாதிரிதான். ஆனா இவன் ஓரிடத்துல நிலையா நிக்கிறவன் இல்லை. பூ உருவாகிறப்ப குளிரடிச்சா சில இடத்துல குதிச்சு இறங்கிடுவான். எந்த இடத்துல இறங்கினானோ அங்க மட்டும் மறுபடி சிவப்பு வரும். அதுதான் கோடு, அதுதான் புள்ளி. எப்ப இறங்குவான், எங்க இறங்குவான்னு சொல்ல முடியாது. அதனாலதான் ஒரு பூ மாதிரி இன்னொண்ணு இல்லை. சூடா இருந்தா ஆள் அசையவே மாட்டான். பூவெல்லாம் வெள்ளை.”

“இதெல்லாம் கதை,” என்றார் ஜோர்ஜ். ஆனால் குரலில் பழைய வேகம் இல்லை.

“சோளமணிகள்ல இதைக் கண்டுபிடிச்ச ஒரு அமெரிக்க அம்மாவுக்குப் போன வருஷந்தான் நோபல் பரிசு கொடுத்தாங்க. அவங்க சொன்னப்பவும் ரொம்பக் காலம் கதைன்னுதான் சொன்னாங்க. பேராதனையில என்னோட படிச்ச ஒருத்தி இன்னும் சஞ்சிகை அனுப்புறா. அதுல போட்டிருந்துச்சு, அந்தத் துண்டோட ரெண்டு முனையிலும் ஒரே டி.என்.ஏ. எழுத்து வரிசை இருக்குமாம், ஒண்ணைக் கண்ணாடியில பாத்த மாதிரி மற்றது. ஏறுறதுக்கும் இறங்குறதுக்கும் அதுதான் கைப்பிடி. கோழிக்குக் கட்டி வர வைக்கிற ஒரு வகை வைரசுக்கும் ரெண்டு முனையில நீளமா ஒரே எழுத்துத்தானாம். ஆனா அது கோழியோட பரம்பரையலகுகளுக்கு நடுவுல ஏறினா லேசுல இறங்காது. உங்க பூவுல இருக்கிறது இறங்குற ஜாதி.”

“அப்ப ஐயா பூவுல திருட்டு ரயில்காரன். கோழியில நிரந்தரக் குடியிருப்பாளன்,” என்றான் றோலண்ட்.

ஜோர்ஜ் காலியாகக் கிடந்த தேயிலைப் பெட்டி ஒன்றில் உட்கார்ந்தார். சுவருக்கு அப்பால் அடுப்பு இரைந்துகொண்டிருந்தது.

“வெளிய வச்சா?”

“ரெண்டு மூணு கிழமையில கோடு திரும்பி வரும். சனிக்கிழமைக்கு வராது.”

“விறாந்தையிலேயே இருந்திருந்தா…” அவர் கதவுப் பூட்டைப் பார்த்தார். “அங்க இருந்தா எவனாவது தூக்கிட்டுப் போயிடுவான்னு நெனச்சேன் டீச்சர். இந்தத் தோட்டத்துல நான் ஒருத்தரையும் நம்பல. அதான் இங்க கொண்டாந்து பூட்டச் சொன்னேன்.”

“தெரியும்.”

“செடியைக் கெடுத்தது நான்தான்.”

“செடி பிழைச்சுக்கும் ஐயா,” என்றாள் டோரீன். “நாளைக்குப் பெரட்டுல வந்து சொல்லுங்க.”

அவர் தலையைத் தூக்கினார். “அத்தனை பேர் முன்னாலயா? இப்பவே அவ காம்பராவுக்குப் போய்ச் சொல்லிடுறேனே. பேரையும் திருப்பிப் போட்டுடுறேன்.”

“நீங்க அவளைத் திருடின்னு சொன்னது காம்பராவுல இல்லையே.”

மறுநாள் விடிந்தும் விடியாத நேரத்தில் பெரட்டுக் களத்தில் ஆட்கள் கூடினார்கள். பனி முட்டளவுக்கு நின்றது. பெண்கள் தலையில் கம்பளியைப் போட்டு, முதுகில் கூடையோடு வரிசையாக நின்றார்கள். டோரீன் போய்க் கூப்பிட்டதால் காளியாயியும் வந்திருந்தாள். ஆனால் வரிசையில் சேரவில்லை. களத்தின் ஓரத்தில், யாரோடும் ஒட்டாமல் நின்றாள். கூடையைக் காலடியில் வைத்திருந்தாள். வேலை இல்லாதவள் கூடையை ஏன் கொண்டு வந்தாள் என்று யாரோ கேட்டதற்கு, அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

கணக்கப்பிள்ளை பேர் கூப்பிடத் தொடங்கும் முன் ஜோர்ஜ் முன்னால் வந்தார். கறுப்புக் கண்ணாடி இல்லை. கண்கள் சிவந்து, ஈரமாக இருந்தன. ஒப்பரேசனாலா, வேறு எதனாலா என்று சொல்ல முடியாது.

“போன வாரம் காளியாயியைத் திருடின்னு சொன்னேன்,” என்றார். “அவ ஒண்ணும் எடுக்கலை. செடி அங்கயேதான் இருக்கு. நான்தான் அதைச் சூட்டுல வச்சுக் கெடுத்தேன். தப்பு என் மேல.”

மாயாண்டி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“காளியாயி,” என்றார் ஜோர்ஜ். “உன் பேரை மறுபடி போட்டாச்சு. பழையபடி பூந்தோட்டத்துக்கே வந்துடு. கிளை ஒடைஞ்சதைப் பத்தி நான் ஒண்ணும் கேக்க மாட்டேன்.”

எல்லோரும் காளியாயியைப் பார்த்தார்கள். பங்களா வேலை, பூந்தோட்ட வேலை என்றால் மலையேற வேண்டாம், மழையில் நனைய வேண்டாம். அதற்கு ஏங்காதவர்கள் அந்தக் களத்தில் குறைவு.

காளியாயி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

“பேரைப் போட்டதுக்குப் புண்ணியமாப் போகுங்க ஐயா,” என்றாள். “ஆனா பூந்தோட்டம் வேணாங்க. அங்க நாளைக்கு ஒரு இலை உதுந்தாலும் நீங்க என் மூஞ்சியத்தான் பாப்பீங்க. என்னைக் கொழுந்து பறிக்கப் போட்டுடுங்க.”

ஜோர்ஜின் வாய் திறந்தது. கணக்கப்பிள்ளை அவர் முகத்தைப் பார்த்தார், காளியாயி முகத்தைப் பார்த்தார், பிறகு தானாகவே, “காளியாயி, மேல்மலைக் கொழுந்து,” என்று உரக்கக் கூப்பிட்டார்.

அவள் கூடையைத் தூக்கி, கயிற்றைத் தலையில் மாட்டிக்கொண்டு வரிசையை நோக்கி நடந்தாள். போன வாரம் முழுக்கக் கதவைச் சாத்திக்கொண்டிருந்த பக்கத்துக் காம்பரா வீரம்மா ஒரு அடி தள்ளி நின்று இடம் விட்டாள். காளியாயி அந்த இடத்தைப் பார்த்தாள். அதில் நிற்கவில்லை. வரிசையின் கடைசிக்குப் போய் நின்றாள்.

ஆட்கள் புறப்பட்டார்கள். முன்னால் போனவர்கள் பனிக்குள் மறைந்தார்கள். கடைசியாகப் போனவள் ஒரு தடவையும் திரும்பிப் பார்க்காமல் மலையேறினாள்.